நார்வே நாட்டு மலைவழி

ஐரோப்பாக் கண்டத்தின் வடமேற்கு விளிம்பில், அட்லாண்டிக் பெருங்கடலை அடுத்து, நீண்டு கிடப்பது நார்வே நாடு. அதன் பெருநிலப் பரப்பு ஏறத்தாழ 3,24,000 சதுர கிலோமீட்டர் ஆகும். ஆயினும் அதன்கண் வாழும் மக்கள் ஏறத்தாழ 55 இலட்சத்தினரே. உழவுக்கு உரிய நிலம் நூற்றில் மூன்று பங்கு அளவினது. எஞ்சியன மலையும் காடும் ஏரியும் பனிப்பரப்புமாம். பண்டைத் தமிழ்ப் புலவர் குறிஞ்சி வேறு, நெய்தல் வேறு எனப் பகுத்து வைத்தனர். நார்வேயின் மேலைக் கரையைக் கண்டிருப்பாராயின் அவரும் சிறிது தயங்கியிருப்பர். அங்கே மலையின் அடியிலேயே கடலலை மோதுகின்றது. ஆடு மேயும் சாரலின் கீழே மீன்படகு கட்டப்பட்டிருக்கின்றது.

இத்தகைய நிலத்தில் ஊரோடு ஊரை இணைத்தல் எளிய செயலன்று. நெடுங்காலம் அங்குக் கடலே சாலையாகவும் படகே வண்டியாகவும் இருந்தன. மலையில் வளைந்தேறியும், பாறையைக் குடைந்து நுழைந்தும் செல்லும் இன்றைய சாலைகள் பெரும்பாலும் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் அமைக்கப்பெற்றவை. அவற்றுள் இயற்கை வனப்பால் சிறந்த பதினெட்டு வழிகளை அந்நாட்டு அரசு தேர்ந்தெடுத்து, பயணிகளுக்கு உரிய காட்சிச் சாலைகளாகப் பேணி வருகின்றது.

ஒஸ்லோ மாநகரில் வாழும் நண்பர் நால்வர், ஒரு கோடையில், அவ்வழிகளுட் சிலவற்றைக் காணப் புறப்பட்டனர். ஒருவர் பள்ளி ஆசிரியர். ஒருவர் பாலங்கட்டும் பொறியாளர். ஒருவர் நிலவியல் கற்றவர். நால்வருள் இளையவரான பெண்மணி ஓவியம் பயில்பவர். ஜூன் மாதத்தின் பிற்பகுதியை அவர்கள் தேர்ந்தெடுத்தது காரணம் பற்றியே. மலைமுகட்டுச் சாலைகள் பல குளிர்காலத்தில் பனியால் மூடுண்டு, கோடையின் தொடக்கத்திலேதான் மீண்டும் திறக்கப்பெறும். மேலும், அப்பருவத்தில் மேலைக் கரையில் கதிரவன் இரவு பதினொரு மணி அளவில்தான் மறைவான். மறைந்த பின்னரும் வானம் முற்றும் இருளாது.

அவர்கள் ஏறிச் சென்றது மின்னாற்றலால் இயங்கும் கார். 2024-ஆம் ஆண்டில் நார்வேயில் விற்கப்பெற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது இத்தகையவை. ஆதலின் அதில் வியப்பில்லை. மலையருவிகளைக் கொண்டு மின்சாரம் எடுப்பதில் அந்நாடு முன்னிற்பது. சாலை விதிகளோ மிகக் கடுமையானவை. பட்டப் பகலிலும் முகப்பு விளக்கை ஏற்றியே செல்லல் வேண்டும். குருதியில் ஆயிரத்தில் 0.2 பங்குக்கு மேல் மதுச்சாரம் இருப்பின் ஓட்டுபவர் குற்றவாளி ஆவர். ஊர்ப்புறச் சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டரே பொதுவான வேக எல்லை. ஆசிரியர் இவ்விதிகளை ஒருமுறைக்கு இருமுறை எடுத்துரைத்த பின்னரே, ஓட்டும் பொறுப்பை ஏற்றுக்கொண்ட பொறியாளர் வண்டியைக் கிளப்பினார்.

முதல் நாள் அவர்கள் மேற்கு நோக்கிச் சென்று, பிலே மலையைக் கடந்து, லேர்டால் பள்ளத்தாக்கில் இறங்கினர். வழியில் பொர்குண்ட் என்னும் சிற்றூரில் பழமையான மரத் தேவாலயம் ஒன்று உள்ளது. அது கட்டப்பெற்றது கி.பி. 1200-ஐ ஒட்டிய காலம். அடுக்கடுக்காய் உயர்ந்த கூரையும், கூரை முகட்டில் வாய் திறந்து நிற்கும் பாம்புத் தலைகளும், தாரெண்ணெய் பூசிப் பூசிக் கறுத்த சுவர்களும் காண்பார் நெஞ்சை ஈர்க்கும். முன்னாளில் நாடெங்கும் நூற்றுக்கணக்கில் இருந்த இத்தகைய மரக்கோயில்களுள் இன்று எஞ்சியவை 28 மட்டுமே. எண்ணூறு ஆண்டுகளாக மரம் உளுத்துப்போகாதிருக்கும் காரணத்தைப் பொறியாளர் விளக்கினார். மிகப் பழங்காலத்தில் தூண்களை மண்ணில் குழிதோண்டி நட்டனர். அவை அடியில் மக்கிச் சாய்ந்தன. பின்னர் வந்த தச்சர், கல்லடுக்கின்மேல் உத்திரத்தைக் கிடத்தி, அதன்மேல் தூணை நிறுத்தினர். மண்ணின் ஈரம் மரத்தைத் தீண்டவில்லை. இவ்வளவுதான் நுட்பம்.

லேர்டாலை அடைந்தபோது நண்பரிடையே வழக்கு ஒன்று எழுந்தது. அவ்விடத்திலிருந்து அவுர்லாந்து என்னும் ஊருக்குச் செல்ல இரு வழிகள் உண்டு. ஒன்று மலையின்மேல் ஏறி இறங்குவது. மற்றது மலையின் வயிற்றினுள் புகுந்து செல்வது. உள்ளே செல்லும் சுரங்கச் சாலை 24.5 கிலோமீட்டர் நீளமுடையது. 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. சாலைச் சுரங்கங்களுள் உலகிலேயே நீளமானது. அத்துணைத் தொலைவு ஒரே இருளில் வண்டியோட்டுவார்க்குச் சோர்வும் அச்சமும் தோன்றும் என்பதை முன்னரே ஆராய்ந்து, இடையிடையே மூன்று பெரிய குகைமண்டபங்களை அகழ்ந்து, அவற்றில் விடியற்கால வானம்போல நீல ஒளி பரவ விளக்கமைத்துள்ளனர். அதனைக் காண வேண்டும் என்றார் பொறியாளர். "வானம் மேலே இருக்க, வானம்போன்ற விளக்கைக் காண்பதற்கோ இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார் ஓவியர். இருவர் சொல்லிலும் நியாயம் உண்டு. மலைமேல் சென்று சுரங்கத்தின் வழியே திரும்புவது என ஆசிரியர் தீர்ப்பளித்தார்.

மலைவழியைப் பனிச்சாலை என்றே அங்குள்ளார் அழைப்பர். 1,306 மீட்டர் உயரம் வரை ஏறும் அவ்வழியில், ஜூன் மாதத்திலும் இருபுறமும் வெட்டிய பனிச்சுவர் நிற்பதுண்டு. அவுர்லாந்தை நோக்கி இறங்கும் பக்கத்தில் ஸ்டேகாஸ்டைன் என்னும் காட்சி மேடை இருக்கின்றது. மலைச்சரிவினின்றும் 30 மீட்டர் தூரம் வெளியே நீண்டு, முனையில் கீழ்நோக்கி வளைந்து தொங்கும் மரமேடை அது. அதன் கோடியில் மறைப்பாக இருப்பது ஒரு கண்ணாடி மட்டுமே. அங்கிருந்து 650 மீட்டர் கீழே கடல்நீர் பச்சைப் பட்டு விரித்தாற்போலக் கிடக்கின்றது.

"இது கடலா, ஏரியா?" என்று இளையவர் வினவினார். கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்க்கும் அவ்வையம் எழும்.

நிலவியல் கற்றவர் விடை கூறலானார். பியோர்டு என்பது மலைகளுக்கிடையே நெடுந்தூரம் உள்நுழைந்த கடற்கழி. பல இலட்சம் ஆண்டுகளாகப் பலமுறை வந்து போன பனியூழிகளில், நார்வே முழுதும் ஆயிரக்கணக்கான மீட்டர் கனமுள்ள பனிப்பாளத்தின் அடியில் அழுந்திக் கிடந்தது. அப்பனி ஓரிடத்தில் நில்லாது கடலை நோக்கி மெல்ல மெல்ல நகர்ந்தது. நகரும்போது தன்னடியில் அகப்பட்ட கற்களையே அரமாகக் கொண்டு, பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகளை அராவி ஆழப்படுத்திற்று. கடைசிப் பனியூழி ஏறத்தாழப் பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன் முடிய, பனி உருகி விலகிய பள்ளங்களில் கடல் புகுந்தது. அவர்கள் காலடியில் கண்ட கழி, சோக்னே பியோர்டு என்னும் பெருங்கழியின் ஒரு கிளை. பெருங்கழியோ 200 கிலோமீட்டருக்கு மேல் உள்நாட்டினுள் நீள்வது. அதன் ஆழம் 1,300 மீட்டருக்கு மேற்பட்டது. கடலோடு கலக்கும் வாயிலிலோ ஆழம் மிகக் குறைவு; பனியின் கனமும் வலிமையும் அங்கே தேய்ந்துவிட்டமையே காரணம்.

"அப்படியானால் இம்மலைகள் இவ்வாறு செங்குத்தாய் நிற்பதும் பனி செய்த வேலைதானே?" என்றார் ஆசிரியர்.

"ஆம். செங்குத்தாய் அறுத்த பனி இருந்தவரை, அதுவே சுவருக்கு முட்டுக்கொடுத்தும் நின்றது. முட்டு உருகிப் போயிற்று, சுவர் மட்டும் நிற்கின்றது" என்றார் அவர். அச்சொல்லின் முழுப்பொருள் மற்றவர்க்கு அப்போது விளங்கவில்லை.

சுரங்க வழியே லேர்டாலுக்கு மீண்டு, வண்டிகளை ஏற்றிச் செல்லும் படகில் அவர்கள் சோக்னே பியோர்டைக் கடந்தனர். முற்றிலும் மின்கலத்தால் இயங்கும் ஊர்திப் படகு உலகில் முதன்முதலாக 2015-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கியது இக்கழியின் வேறொரு துறையிலேதான். படகில் கொண்டுவந்த உணவை எடுத்து உண்டனர். ரொட்டியின்மேல் பழுப்பு நிறப் பாற்கட்டியை மெல்லிய தகடாகச் சீவி வைத்து உண்பது அந்நாட்டு வழக்கம். பாலைத் திரித்து வடித்த தெளிநீரை, பாலும் பாலேடும் சேர்த்து, நம் ஊர்த் திரட்டுப்பாலைப்போலச் சுண்டக் காய்ச்சிச் செய்வது அப்பண்டம். சுவையும் ஏறக்குறைய அத்தகையதே.

மறுநாள் சோக்னே மலைச்சாலை. வட ஐரோப்பாவின் மலைக்கணவாய்ச் சாலைகளுள் மிக உயரமானது இது. உச்சியில் 1,434 மீட்டர். 1938-ஆம் ஆண்டில், வேலையின்றித் தவித்த இளைஞரைக் கொண்டு இதனை அமைத்தனர். சாலையின் இருமருங்கிலும் நெடிய கழிகள் வரிசையாக நடப்பட்டிருந்தன. அவை எல்லைக் கம்பங்கள் அல்ல. பனி ஆளுயரத்துக்கு மேல் குவியுங்கால், அடியில் சாலை எங்கே கிடக்கின்றது என்பதைப் பனி வாரும் வண்டிக்குக் காட்டும் குறிகள். குளிர்காலத்திலும் மூடாத மலைச்சாலைகள் சில உண்டு. அங்கே புயல் கடுமையாக வீசும் நாளில், பனி வாரும் வண்டி முன்செல்ல, மற்ற வண்டிகள் எறும்புச் சாரைபோல ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும். முன்னே செல்வதை முந்த எவரும் எண்ணார்.

லோம் என்னும் ஊரைக் கடந்து, கெய்ராங்கர் பியோர்டை நோக்கித் திரும்பினர். அங்குச் செல்லும் சாலை 1889-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. ஆயிரம் மீட்டர் உயரத்து மலைமேட்டிலிருந்து கடல்மட்டத்துக்கு, வளைந்து வளைந்து இறங்கும் அச்சாலையை வடிவமைத்தவர் எரிக் உல்ரிக் ஸ்மித் என்னும் பொறியாளர். பெரும்பொறிகள் இல்லாத காலம் அது. கடப்பாறையும் சம்மட்டியும் வெடிமருந்துமே கருவிகளாக, கல்லின்மேல் கல் பொருத்தி எழுப்பிய தாங்குசுவர்கள் இன்றும் அசையாது நிற்கின்றன. ஓரிடத்தில் சாலை தன்னைத்தானே ஒரு முடிச்சாகச் சுற்றி, தன்மேல் அமைந்த பாலத்தின் அடியிலேயே நுழைந்து செல்கின்றது. 1900-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் நிகழ்ந்த உலகப் பொருட்காட்சியில் இச்சாலைக்குப் பொற்பதக்கம் கிடைத்தது. பதக்கம் பொறியாளர் திறனுக்கு என்பர். கல் சுமந்தவர் தோளுக்கும் அதில் பாதி உரியதே.

கெய்ராங்கர் பியோர்டு 15 கிலோமீட்டர் நீளமே உடையது. ஆயினும் வனப்பில் நிகரற்றது. 2005-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. ஒருபுறத்துப் பாறையில் ஏழு அருவிகள் அருகருகே வீழ்கின்றன. அவற்றை ஏழு சகோதரியர் என்பர். எதிர்க்கரையில் தனித்து வீழும் அருவிக்குப் பெண் கேட்டு நிற்கும் இளைஞன் என்று பெயர். அவன் கேட்டும் ஒருத்தியும் இசையவில்லையாம். பெயரிட்டவர் நகைச்சுவை உடையவர்.

நண்பரின் கண்ணை மிகுதியும் ஈர்த்தவை அருவிகளல்ல. பாறை இடுக்குகளில் ஒட்டிக்கொண்டிருந்த பழைய பண்ணை வீடுகளே. ஸ்காகேப்ளோ என்னும் பண்ணை நீர்மட்டத்துக்கு 250 மீட்டர் மேலே, ஒரு பாறைத் திட்டில் இருக்கின்றது. அங்கு வாழ்ந்தோர் தவழும் பிள்ளை விளிம்பில் உருண்டுவிடாதபடி இடுப்பில் கயிறு கட்டி வைத்தனர் என்றும், வரி வாங்குவோன் வருங்கால் ஏணியை மேலே இழுத்துக்கொண்டனர் என்றும் கதைகள் வழங்குகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பண்ணை கைவிடப்பெற்றது. ஏழு அருவிகளின் அருகேயுள்ள கினீவ்ஸ்ப்ளோ பண்ணையை அதற்கும் முன்னரே, மேலிருந்து பாறை வீழும் அச்சத்தால் விட்டு நீங்கினர்.

அன்று இரவு அவர்கள் கெய்ராங்கர் ஊரில் ஒரு சிறு விடுதியில் தங்கினர். சுவரில் ஒரு நாட்டுப்படம் தொங்கியது. அபாயச் சங்கு ஒலித்தால் எவ்வழியாக மேட்டுக்கு ஏற வேண்டும் என்பதை அது காட்டியது. அதனைக் கண்டு இளையவர் திடுக்கிட்டார். நிலவியல் கற்றவர், முன்னாள் தாம் கூறி நிறுத்திய செய்தியை அப்போது தொடர்ந்தார்.

கெய்ராங்கர் கழி சென்று சேரும் பக்கத்துக் கழியின் கரையில் ஓக்கர்னேசெட் என்னும் மலைச்சரிவு உள்ளது. அச்சரிவின் மேற்புறத்தில் நீண்ட பிளவு ஒன்று கண்டுள்ளது. அது ஆண்டுதோறும் சில சென்டிமீட்டர் அகன்று வருகின்றது. பல கோடி கன மீட்டர் பாறை ஒருநாள் கடலில் வீழலாம். வீழ்ந்தால் எழும் பேரலை சில நிமிடங்களில் கெய்ராங்கர், ஹெல்லேசில்ட் முதலிய ஊர்களை அடையும். இது வீண் அச்சமன்று. 1934-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் பின்னிரவில், அணித்தே உள்ள தாபியோர்டில் பாறை சரிந்து வீழ்ந்தது. அறுபது மீட்டருக்கு மேல் எழுந்த அலை கரையூர்களைத் துடைத்துச் சென்றது. உறங்கிக் கிடந்த நாற்பதின்மர் மாண்டனர். தெற்கே லோயன் என்னும் ஊரின் ஏரிக்கரையிலோ துயரம் இருமுறை நேர்ந்தது. 1905-ஆம் ஆண்டில் ராம்னே மலையின் பாறை ஏரியில் வீழ, 61 பேர் மாண்டனர். உயிர் தப்பியோர் அதே கரையில் மீண்டும் வீடு கட்டினர். 31 ஆண்டுகள் கழித்து, 1936-இல், அதே மலை மீண்டும் வீழ்ந்தது. அம்முறை மாண்டோர் 74 பேர். முதல் அலை ஏரியிலிருந்து தூக்கி நிலத்தின்மேல் எறிந்த நீராவிப் படகை இரண்டாம் அலை இன்னும் உள்ளே தள்ளிவிட்டுச் சென்றது.

"இத்தனையும் அறிந்தபின் இங்கு எவ்வாறு உறங்குகின்றீர்கள்?" என்று இளையவர் விடுதியின் மூதாட்டியாரைக் கேட்டார்.

அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "தாபியோர்டில் இறந்தவர்களுக்கு எவரும் எதுவும் சொல்லவில்லை, அம்மா. எங்களுக்குச் சொல்கின்றார்கள். மலை இந்த வாரம் எவ்வளவு அசைந்தது என்பதை நாங்களே கேட்டு அறியலாம். மிகுதியாக அசைந்தால் ஊரைவிட்டு ஏறிவிடச் சொல்வார்கள், ஏறிவிடுவோம்" என்றார். "வீடு போய்விடுமே?" என்றதற்கு, "போகும்" என்று மட்டும் கூறிவிட்டு, விளக்கை அணைக்கச் சென்றார்.

உண்மையில் அச்சரிவை இரவும் பகலும் கருவிகள் அளந்துகொண்டே இருக்கின்றன. பிளவின் குறுக்கே பொருத்திய அளவைக் கோல்களும், பாறையினுள் துளையிட்டு இறக்கிய கருவிகளும், ராடாரும், விண்கோள்களின் துணையால் இடத்தைக் கணிக்கும் பொறிகளும் சிறு அசைவையும் உடனுக்குடன் தெரிவிக்கின்றன. மலையைத் தடுத்து நிறுத்த எவராலும் இயலாது. அது விழுமுன் மக்களை விலக்குவதே செய்யக்கூடியது. அதற்கு வேண்டிய நாள்களை அளவையே தரும். பெரும்பாறை வீழுமுன் அதன் அசைவு விரைவுறுவது வழக்கம் என்னும் அறிவே இம்முயற்சிக்கு அடிப்படை.

மூன்றாம் நாள் காலை, பதினொரு கொண்டையூசி வளைவுகளையுடைய கழுகுச் சாலையில் ஏறினர். 1955-ஆம் ஆண்டில் இது திறக்கப்பெறும் வரை, குளிர்காலத்தில் கெய்ராங்கர் ஊரார்க்கு வெளியே செல்லச் சாலையே இல்லை. பின்னர் மற்றொரு படகு. அப்பால் வால்டால் பள்ளத்தாக்கு. மலைகளுக்கு நடுவே கதிரொளி நன்கு படும் அச்சிறு சமவெளி ஸ்ட்ராபெரிப் பழத்துக்குப் பெயர்பெற்றது. பழம் பழுக்க இன்னும் சில நாள்கள் ஆகும் என்றார் உழவர் ஒருவர். நண்பர் ஏமாற்றத்தோடு மேலே சென்றனர்.

அடுத்துத் தோன்றியது ட்ரோல்ஸ்டீகன். ட்ரோல் என்பது வடபுலத்துப் பழங்கதைகளில் மலைக்குகைகளில் உறையும் பூதம். எனவே இச்சாலையின் பெயர்க்குப் பூதங்களின் ஏணி என்பது பொருள். எட்டு ஆண்டு உழைப்புக்குப் பின் 1936-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஏழாம் ஹாக்கான் மன்னர் இதனைத் திறந்து வைத்தார். இங்கும் பதினொரு வளைவுகள். அவற்றுள் பலவற்றுக்கு, அவ்வளைவை அமைத்த மேற்பார்வையாளர்களின் பெயரே இடப்பட்டிருக்கின்றது. போர் வென்றவர் பெயரைச் சாலைக்கு இடும் நாடுகள் பல. சாலை கட்டியவர் பெயரைச் சாலைக்கு இட்ட செயல் போற்றத்தக்கது. நடுவே ஸ்டீக் அருவி பேரொலியுடன் வீழ, அதன் குறுக்கே கல்வளைவுப் பாலம் ஒன்று நீர்த்திவலையில் நனைந்து நிற்கின்றது.

இவ்வழியிலும் பாறை வீழ்தல் உண்டு. 2024-ஆம் ஆண்டின் கோடையில் கற்கள் சாலையில் வீழ்ந்தமையால், பயணிகள் திரளும் பருவம் என்றும் பாராது, இதனை அடைத்துவிட்டனர். வருவாய் இழந்தோர் வருந்தினர். எனினும் அம்முடிவு தக்கதே.

ஐந்தாம் வளைவில் எதிரே பெரிய பேருந்து ஒன்று மேலேறி வந்தது. பொறியாளர் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தி, ஒதுங்குமிடத்தில் நிறுத்தினார். பேருந்து கைப்பிடிச் சுவருக்குச் சாணளவே இடைவிட்டுத் திரும்பிச் சென்றது. அதன் ஓட்டுநர் ஒரு விரலை உயர்த்தி நன்றி தெரிவித்தார். அதுவரை காரில் எவரும் மூச்சுவிட்டதாகத் தெரியவில்லை.

கீழே இறங்கி, கடற்கரை நோக்கிச் சென்று, மாலையில் அட்லாண்டிக் சாலையை அடைந்தனர். பெருநிலத்தையும் அவெரோய் தீவையும், இடையிலுள்ள சிறு திட்டுகளின் வழியே இணைப்பது இச்சாலை, நீளம் எட்டு கிலோமீட்டருக்குச் சிறிது மேல், பாலங்கள் எட்டு. 1983-ஆம் ஆண்டில் தொடங்கிய வேலை 1989-இல் முடிந்தது. அதற்கிடையே பன்னிரண்டு கடும்புயல்கள் வீசின என்றால் கட்டியவர்கள் பட்ட பாடு விளங்கும். அவற்றுள் பெரிய பாலம் 260 மீட்டர் நீளமுடையது. அது வளைந்து மேலெழும் திறத்தைத் தொலைவிலிருந்து நோக்குவார்க்கு, பாலம் நடுவில் அறுபட்டு வானில் முடிவதுபோலத் தோன்றும். கப்பல் கீழே செல்ல வேண்டி 23 மீட்டர் உயர்த்தியதால் நேர்ந்த தோற்றம் அது என்று பொறியாளர் கணக்கோடு விளக்கினார்.

அருகிலிருந்த மற்றொரு பாலத்தில், மீன் பிடிப்பவர்க்கென்றே ஓரத்தில் நடைமேடை அமைத்துள்ளனர். முதியவர் இருவரும் ஒரு சிறுமியும் அங்கே தூண்டிலிட்டு நின்றனர். இளையவர் தம் ஏட்டைத் திறந்து அவர்களை வரைந்தார். "எட்டுப் பாலம் இருக்க, ஒன்றையேனும் வரையக் கூடாதா?" என்று பொறியாளர் குறைபட்டார். சிறுமியின் தூண்டிலில் அப்போது ஒரு காட் மீன் துள்ளியது. ஓவியர் தலை நிமிரவில்லை. மணி பத்தரை ஆகியிருந்தது. கடலின்மேல் கதிரவன் இன்னும் நின்றான். அவெரோய் தீவிலிருந்து கிறிஸ்டியான்சுன் நகருக்கு, 2009-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கடலடிச் சுரங்கத்தின் வழியே 250 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி ஏற வேண்டும். முகப்பு விளக்கு எரிகின்றதா என்று ஆசிரியர் மீண்டும் ஒருமுறை கேட்க, கார் சுரங்கத்தை நோக்கிப் புறப்பட்டது.